ரிப்போர்ட் யாருக்குப் போகுது பாஸ்?

இன்டர்ன்ஷிப்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கழுத்துல ஐ.டி. கார்டு, ஏ.சி. ரூம், சுத்துற நாற்காலி, பட்டனை அழுத்தினா வர்ற காபி... கடைசி நாள்ல ஒரு சர்டிஃபிகேட், குரூப் போட்டோ. அவ்வளவுதானே? இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு, செமஸ்டர் லீவுல ஆறு வாரத்துக்குக் கிடைத்த வேலை இதுதான்: 'தினமும் ரிப்போர்ட் அனுப்புறதை ஆட்டோமேட் பண்ணணும்.'

கேட்கும்போதே கொட்டாவி வருதா? கொஞ்சம் பொறுங்க. இந்தக் கொட்டாவி வேலைதான் என்னைத் தருமபுரி பக்கத்துல இருக்கிற வத்தல்மலை வரைக்கும் ஏற வைத்தது. நாலு வருஷ சிலபஸ்ல யாருமே கேட்காத ஒரு கேள்வியை அங்கே ஓர் அக்கா கேட்டாங்க. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கம்பெனி பேர் வேண்டாம். மலைத் தோட்டங்கள்ல விளையுற காபி, மிளகு வாங்கி விற்கிற நிறுவனம். அங்கே ஓர் அண்ணன் இருந்தார். காலை எட்டு மணிக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறப்பார். பிசினஸ் இன்டலிஜென்ஸ், சுருக்கமா பி.ஐ. சாஃப்ட்வேர். எந்த ஊர்ல எத்தனை மூட்டை வாங்கினாங்க, என்ன விலை, குடோன்ல எவ்வளவு இருக்குன்னு கலர் கலரா கட்டங்கள் வந்து நிற்கும். அதுதான் டேஷ்போர்டு. அண்ணன் ஒரு ஊரை செலக்ட் பண்ணுவார். பி.டி.எஃப். ஆக்குவார். மெயில்ல சேர்த்து அனுப்புவார். அடுத்த ஊர். மறுபடியும் செலக்ட், பி.டி.எஃப்., மெயில். மொத்தம் 34 பேருக்கு. முடிக்கும்போது மணி பத்தரை. அவர் லீவு போட்டா அன்னிக்கு யாருக்கும் ரிப்போர்ட் கிடையாது. பொண்ணு பார்க்கப் போன அன்னிக்குக்கூட லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுத்தான் போனாராம் மனுஷர்!

கார்டு நம்பருக்கும் இவர்தான் சொந்தக்காரர்

வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி, இந்த பி.ஐ. எங்கே இருந்து வந்ததுன்னு தேடினேன். சுவாரஸ்யமான ஆள் ஒருத்தர் சிக்கினார். ஹான்ஸ் பீட்டர் லூன். ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பேரைக் கேட்ட மாதிரி இருக்கா? உங்க டெபிட் கார்டில் இருக்கிற கடைசி நம்பர், மற்ற நம்பர்களைச் சரிபார்க்கிற நம்பர். ஒரு நம்பரை மாத்தி அடிச்சா, 'தப்பான கார்டு'ன்னு உடனே சொல்லுதே வெப்சைட்... அந்த லூன் அல்காரிதம் இவருடையதுதான்.

இவர் 1958 அக்டோபரில் ஐ.பி.எம்.மின் ஆய்வு இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே 'ஒரு பிசினஸ் இன்டலிஜென்ஸ் சிஸ்டம்'தான். கலர் படம், பை சார்ட் எதுவும் அதில் கிடையாது. அவர் கவலையெல்லாம் ஒண்ணுதான். ஒரு நிறுவனத்துக்குள் தகவல் குவிந்துகொண்டே போகிறது. அதில் எது யாருக்குத் தேவையோ, அதை மெஷினே பார்த்து அவங்களுக்கு அனுப்பி வைக்கணும். வாங்குகிறவரை அவர் 'செயல்படும் புள்ளி' என்கிற அர்த்தத்தில் குறிப்பிட்டார். அந்தப் புள்ளிக்கு என்ன தேவைன்னு ஒரு குறிப்பு மெஷினுக்குள் இருக்கும். புதுத் தகவல் வந்ததும் மெஷின் அந்தக் குறிப்போடு பொருத்திப் பார்த்து அனுப்பும்.

யோசிச்சுப் பாருங்க. நாம பி.ஐ.ன்னா திரையில தெரியுற படம்னு நினைச்சுட்டு இருக்கோம். அது பிறந்ததே தபால்காரர் வேலைக்கு! அதுவும் சும்மா படிக்கிறவங்களுக்கு இல்லை, படிச்சுட்டு ஏதாவது செய்யப் போறவங்களுக்கு அனுப்ப. இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கங்க. மலை மேல போனதும் தேவைப்படும்.

எட்டு மணிக்கு டாண்!

ஆட்டோமேட் பண்றது பிரம்ம வித்தை இல்லை. பவர் பி.ஐ., டேப்லோ, க்ளிக், நம்ம ஊர் ஜோஹோ அனலிட்டிக்ஸ் எதை எடுத்தாலும் 'இத்தனை மணிக்கு இவங்களுக்கு அனுப்பு'ன்னு சொல்ல வசதி இருக்கு. காசு இல்லாத ஹாஸ்டல் பசங்களுக்கு மெட்டாபேஸ், அபாச்சி சூப்பர்செட்னு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரும் இருக்கு. 'குறிச்ச நேரத்துக்கு வேலையைச் செய்'ன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற கிரான் என்ற புரோகிராம் 1979-லேயே யூனிக்ஸ் ஏழாவது பதிப்பில் வந்துடுச்சு. நம்ம அப்பா அம்மா காலத்து டெக்னாலஜி!

இதில் மூணு விஷயம் கத்துக்கிட்டேன். பிளேஸ்மென்ட் இன்டர்வியூவுக்கே உதவும், குறிச்சுக்கங்க.

ஒண்ணு, 34 பேருக்கு 34 ரிப்போர்ட் தயாரிக்கக் கூடாது. ஒரே ரிப்போர்ட். அனுப்பும்போது ஒவ்வொருத்தருக்கும் அவங்க ஊர்க் கணக்கு மட்டும் பிரிஞ்சு போகணும். இதுக்கு பர்ஸ்டிங்னு பேர். பெரிய பூ மாலையை முழம் முழமா அறுத்துக் கொடுக்கிற மாதிரி. யாருக்கு எந்த ஊர்னு ஒரு தனி டேபிள்ல எழுதி வெச்சுட்டா, ஆள் மாறினாலும் அந்த ஒரு வரியைத் திருத்தினா போதும்.

ரெண்டு, கடிகாரத்தை நம்பாதீங்க. ராத்திரி டேட்டா வந்து சேர லேட் ஆனாலும், எட்டு மணி ஆனதும் மெயில் கிளம்பிடும். உள்ளே நேத்துக் கணக்கு, மேலே இன்னைக்குத் தேதி! பார்க்கிறவர் இன்னைக்குக் கணக்குன்னு நம்பி முடிவெடுப்பார். அதனால் 'எட்டு மணி ஆச்சா?'ன்னு பார்க்கிறதைவிட, 'புது டேட்டா வந்துடுச்சா?'ன்னு பார்த்துட்டு அனுப்பச் சொல்லணும்.

மூணு, எல்லாருக்கும் எல்லா நாளும் அனுப்பாதீங்க. தினமும் வர்ற மெயிலை நாலாவது நாள் யாரும் திறக்க மாட்டாங்க. குடோன் நிரம்பப் போகுது, விலை சடார்னு இறங்குதுங்கிற மாதிரி ஏதாவது நடந்தா மட்டும் குரல் கொடுக்கட்டும். இதுக்கு அலெர்ட்னு பேர்.

மூணாவது வாரம் சிஸ்டம் ஓடத் தொடங்கிடுச்சு. அண்ணனுக்குக் காலையில ரெண்டரை மணி நேரம் மிச்சம். கேன்டீன்ல எனக்கு ஒரு வாரம் வடை இலவசம். கல்லூரியா இருந்தா இத்தோட ப்ராஜெக்ட் முடிஞ்சது, ஃபுல் மார்க். ஆனா அந்த சாஃப்ட்வேர்ல இன்னொரு பக்கம் இருக்கு. அனுப்பின மெயில்ல இருந்து யார் டேஷ்போர்டைத் திறந்தாங்கன்னு காட்டுற பக்கம். 34 பேருக்குப் போகுது. பாதிப் பேர்கூட திறக்கலை.

பச்சையா இருந்தா நல்லதா?

'திறந்தாலும் என்னம்மா இருக்கு? என் ஊர்க் கணக்கு எனக்கே தெரியும். ஏன் கூடுச்சு, ஏன் குறைஞ்சுதுன்னு அதுல இல்லையே' என்றார் ஒரு கிளை மேனேஜர். கரெக்ட்தானே? அதனால் டேஷ்போர்டைக் கொஞ்சம் நீட்டினோம். நீட்டுறதுன்னா நிஜமாவே அதுக்கு ஒரு வசதி இருக்கு. டேப்லோவில் 2018-ல் எக்ஸ்டென்ஷன் என்று ஒரு வழி வந்தது. சாஃப்ட்வேர் தராத ஒரு வேலையை நாமளே சின்ன வெப் பேஜா எழுதி, டேஷ்போர்டுக்குள்ளேயே ஒட்ட வைக்கலாம். மற்றவற்றிலும் இது மாதிரி வழிகள் உண்டு. நாங்க ஒட்டினது ரொம்பச் சின்ன விஷயம். ஒவ்வொரு ஊர் வரிசையிலும் ஒரு கட்டம். தலைப்பு: 'ஏன்?' அவ்வளவுதான். கூடினாலும் குறைஞ்சாலும், களத்துல இருக்கிறவர் ரெண்டு வார்த்தை எழுதணும்.

அந்தக் கட்டத்தை அங்கே இருக்கிற ஏஜென்ட்டுகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் என்னை வண்டியில் ஏத்தி வத்தல்மலைக்கு அனுப்பினாங்க.

அன்னிக்குக் காலையில ரிப்போர்ட்ல வத்தல்மலை வரிசை பளிச்சுனு பச்சை. டார்கெட்டைத் தாண்டிச் சரக்கு வந்திருக்கு. பச்சைன்னா சந்தோஷம்தானே? அப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க.

'இன்னைக்கு என்ன விலை பாப்பா?'

தருமபுரியில் இருந்து வத்தல்மலை சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனா கடைசிப் பகுதி முழுக்க கொண்டை ஊசி வளைவு, இருபதுக்கும் மேலே. கிழக்குத் தொடர்ச்சி மலையில், கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 3,600 அடி உயரம். பெரியூர், பால்சிலம்பு மாதிரி சின்னச் சின்ன கிராமங்கள். இங்கே வாழ்றவங்க பெரும்பாலும் மலையாளி என்கிற பழங்குடி மக்கள். பேரைப் பார்த்துட்டு கேரளான்னு நினைச்சுடாதீங்க, மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள்னு பொருள் சொல்றாங்க. சாமை, ராகி, பலா, மிளகு, சில்வர் ஓக் மர நிழலில் காபி. ஊட்டி, ஏற்காடு மாதிரி ஹோட்டல் கூட்டம் இல்லை. நாங்க போனது ஜனவரி, காபி அறுவடை நேரம். வீட்டு வாசல்களில், களத்தில், தார்ப்பாயில்... எங்கே பார்த்தாலும் சிவப்பும் கறுப்புமா பழம் காய்ஞ்சுட்டு இருந்தது.

காபிக்காரங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு முடிவு எடுக்கணும். பழமாவே வித்துடலாம், உடனே காசு. இல்லேன்னா வெயில்ல ரெண்டு வாரம் போல காயவெச்சு விக்கலாம், விலை அதிகம். ஆனா நடுவுல மழை வந்தா பூசணம் பிடிச்சு எல்லாம் போச்சு. விக்கிறதா, வெச்சிருக்கிறதா?

ஏஜென்ட் அண்ணனுக்கு 'ஏன்?' கட்டத்தைக் காட்டிட்டு இருந்தேன். பக்கத்துல மூட்டை மேல உட்கார்ந்திருந்த ஓர் அக்கா எட்டிப் பார்த்தாங்க.

'பாப்பா, இதுல விலை எல்லாம் வருமாமே. இன்னைக்கு என்ன விலை?'

என் கையில் இருந்த ரிப்போர்ட்டில் ரெண்டு விலை இருந்தது. மார்க்கெட் விலை ஒண்ணு, கம்பெனி வாங்கச் சொன்ன விலை ஒண்ணு. ரெண்டாவது வெளியே சொல்லக் கூடாதது. முதலாவது அப்படி இல்லை, காபி வாரியம் தினமும் வெளியிடுற விலை, யார் வேணா பார்க்கலாம். அதை மட்டும் சொன்னேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், 'முந்தாநேத்து மூட்டம் போட்டுச்சு. மழை வரப்போகுது, விலையும் இறங்குதுன்னாங்க. காஞ்சும் காயாததுமா எல்லாத்தையும் வித்துட்டேன். இப்ப ஏறியிருக்குங்கிறியே... பெரியவ ஹாஸ்டல் ஃபீசுக்கு வெச்சிருந்தது' என்றார். கோபமெல்லாம் இல்லை. மழையைப் பத்திப் பேசுற மாதிரியேதான் இதையும் பேசினாங்க.

மழையும் வரலை. அன்னிக்கு நல்ல வெயில்.

இப்ப அந்தப் பச்சை நிறத்தை மறுபடியும் பாருங்க. 'டார்கெட்டைத் தாண்டிச் சரக்கு வந்தது'ங்கிறது என்ன? அந்த அக்கா மாதிரி பல பேர், விலையும் தெரியாம வானிலையும் தெரியாம, பயந்துபோய் ஒரே நாள்ல கொண்டுவந்து கொட்டினது. 34 பேருக்கு எட்டு மணிக்கு டாண்ணு போகுதே அந்த ரிப்போர்ட்... அதை வெச்சு அன்னிக்கு நிஜமாவே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்த ஆள், இந்த அக்கா. லூன் சொன்ன 'செயல்படும் புள்ளி' இவங்கதான். ஆனா லிஸ்ட்டில் இவங்க இல்லை.

நியூயார்க்கும் பெரியூரும்

'ஒரு சின்ன தோட்டக்காரருக்கு மார்க்கெட் விலை எல்லாம் எதுக்கு?'ன்னு நினைக்கிறீங்களா? ஒரு காலத்தில் உண்மையிலேயே தேவைப்படலை. 1942-ம் வருஷத்துச் சட்டத்தின்படி அமைந்த காபி வாரியம், விளைகிற காபியை எல்லாம் ஒரே தொகுப்பாகச் சேர்த்து விற்றுக் கொடுத்தது. விவசாயி கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். 1990-களில் இது படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல் விற்பனை முழுக்க தோட்டக்காரர் கைக்கே வந்தது. நல்ல விலை வந்தா நேரா அவங்களுக்கே. ஆனா எந்த நாள் விக்கிறதுங்கிற தலைவலியும் அவங்களுக்கே.

அரபிகா காபியின் உலக விலைக்கு அடையாளம் நியூயார்க் சந்தை. பிரேசிலில் வறட்சி வந்ததால் 2024 டிசம்பரில் அந்த விலை 1977-ல் இருந்த உச்சத்தைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு, அதாவது அரை கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு, 4 டாலருக்கு மேலே போனது. அந்த மாதிரி நாட்களில் ஒரு வாரத்துக்குள்ளேயே விலை தலைகீழா மாறும். பிரேசில்ல மழை பெய்யலைன்னா வத்தல்மலைக்காரங்களுக்கு லாபம். ஆனா அது அவங்களுக்குத் தெரிஞ்சா மட்டும்தான்!

விலை தெரிஞ்சா நிஜமாவே வித்தியாசம் வருமா? வரும். நம்ம பக்கத்து மாநிலத்திலேயே அதை அளந்து பார்த்திருக்காங்க. கேரளாவின் வடக்குக் கடற்கரைக்கு 1997-ல் இருந்து 2001-க்குள் செல்போன் வந்தது. மத்தி பிடிக்கிறவங்க கடலில் இருந்தே நாலு கரைக்கும் போன் போட்டு விலை கேட்டு, நல்ல விலை கிடைக்கிற கரைக்குப் படகைத் திருப்பினாங்க. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார நிபுணர் இதை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார். மீனவர் லாபம் சராசரியா 8 சதவிகிதம் கூடியது. மீன் வாங்குறவங்களுக்கு விலை 4 சதவிகிதம் குறைந்தது. விலை போகாம கொட்டின மீன் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. விற்கிறவருக்கும் லாபம், வாங்குறவருக்கும் லாபம். மேஜிக் எதுவும் இல்லை, ஒரு நம்பர் சரியான ஆளுக்கு சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

அலை உயரம் சொன்ன ஒலிபெருக்கி

'மலையில சிக்னலே ஒழுங்கா இல்லை, எப்படி அனுப்புறது?' அதுக்கும் பதில் சொல்லிட்டாங்க நமக்கு முன்னாடியே. புதுச்சேரி பக்கம் வீராம்பட்டினம்னு ஒரு மீனவ கிராமம். 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினம் மையத்தில் அமெரிக்கக் கடற்படை வெப்சைட்டில் இருந்து அலை உயரக் கணிப்பை எடுப்பாங்க. எடுத்து? மெயில் அனுப்பலை. ஊர் முழுக்க ஒலிபெருக்கி கட்டி, தமிழ்லேயே அறிவிச்சாங்க! வலை பின்னிட்டே கேட்கலாம். படிக்கத் தெரியணும்னுகூட அவசியம் இல்லை. 2004 சுனாமி அன்னிக்கு, அதே திட்டத்தில் இருந்த நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருத்தர் போன் போட்டு எச்சரிச்சார். உடனே ஒலிபெருக்கியில் அறிவிச்சாங்க, ஊரே கரையை விட்டு ஓடித் தப்பித்தது. கடைசி மைல்ங்கிறது இதுதான் நண்பர்களே.

காபிக்கும் இது மாதிரி ஒண்ணு நடந்தது. 2018 டிசம்பரில் காபி வாரியம் 'காபி கிருஷி தரங்கா' என்ற சேவையை கர்நாடகாவின் சிக்கமகளூரு, ஹாசன் மாவட்டங்களில் தொடங்கியது. கம்ப்யூட்டரே விவசாயிக்கு போன் போட்டு, குரல் பதிவா தகவல் சொல்லும். இதில் கைகோத்த அமைப்பின் நிறுவனர்களில் ஒருத்தர் மைக்கேல் கிரெமர், 2019-ல் பொருளாதார நோபல் வாங்கினவர். நோபல்காரரே ரிப்போர்ட் விநியோகம்தான் பண்ணியிருக்கார், நம்ம வேலைக்கு எவ்வளவு மரியாதை பாருங்க!

அரசாங்கத்தையும் பார்ப்போம். 2021 செப்டம்பர் கடைசியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வத்தல்மலைக்கே நேரில் போய் மக்களைச் சந்தித்தார். அதே வருஷம் டிசம்பர் 23-ல் முதலமைச்சரின் தகவல் பலகை சென்னையில் தொடங்கப்பட்டது. அணை நீர் இருப்பு, மழை அளவு, மக்கள் கொடுத்த மனுக்களின் நிலை எல்லாம் ஒரே திரையில். நல்ல விஷயம். கீழே நடக்கிறது மேலே தெரிஞ்சாத்தான் கேள்வி கேட்க முடியும். ஆனா இந்த ரெண்டு நிகழ்வையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா ஒண்ணு புரியும். மலையில் இருந்து நர்ஸ் அக்கா எழுதுற கணக்கு, டீச்சர் எழுதுற கணக்கு, ரேஷன் கடைக் கணக்கு, ஏஜென்ட் எழுதுற மூட்டைக் கணக்கு... எல்லாம் மேலே மேலே போய்க்கிட்டே இருக்கு, அரசாங்கத்திலும் சரி, கம்பெனியிலும் சரி. அந்தக் கணக்குக்குள்ளே இருக்கிற மனுஷங்களுக்குத் திரும்பி என்ன வருது?

சாக்பீஸ் டேஷ்போர்டு

ஆபீசுக்கு வந்ததும் ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கம்பெனி ரகசியம் எதுவும் வேண்டாம். எப்படியும் வெளியே தெரிஞ்ச மார்க்கெட் விலை, அடுத்த மூணு நாள் வானிலை, இந்த ரெண்டை மட்டும் தமிழ்ல குரல் பதிவா விவசாயிகளுக்கு அனுப்பலாம். அவசரப்பட்டு ஈரமா கொண்டுவராம நல்லா காயவெச்சுக் கொண்டுவந்தா சரக்கு தரமா இருக்கும், கம்பெனிக்கும் லாபம்னு கணக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். பெரிய சார் பொறுமையா படிச்சார். 'நல்ல ஐடியாம்மா, பார்க்கலாம்' என்றார். நம்ம ஊர்ல 'பார்க்கலாம்'னா என்னன்னு உங்களுக்கே தெரியும். ஆறு வாரம் முடிஞ்சது. சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்துட்டேன்.

ஆனா அந்த அக்காவோட கேள்விக்கு கம்பெனி எதுக்கு? பொதுவா கிடைக்கிற விலைதானே! வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். காபி வாரியம் அன்னிக்கு வெளியிடுற விலையை எடுக்கும். வானிலை முன்னறிவிப்பை எடுக்கும். மூணே வரியில் ஒரே ஒரு போனுக்கு அனுப்பும். அந்தப் போன், மலையில் ஒரு பெட்டிக்கடையில் இருக்கு. கடைக்காரர் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறாள். கடைச் சுவர்ல கறுப்பு பெயின்ட் அடிச்ச இடத்துல சாக்பீஸால எழுதி வைப்பாள். இதுதான் எங்க டேஷ்போர்டு. கலர் இல்லை, கிளிக் இல்லை.

இந்தப் பொண்ணு எனக்குக் கொடுத்த ஃபீட்பேக் இருக்கே, எந்த புரொஃபசரும் கொடுத்ததில்லை! முதல் வாரம்: 'அக்கா, 50 கிலோ மூட்டைக் கணக்கு இங்க யாருக்கும் புரியலை, கிலோவுக்குப் போடுங்க.' ரெண்டாவது வாரம்: 'இன்னைக்கு விலை மட்டும் போட்டா என்ன பண்றது? நேத்து விலையையும் போடுங்க, ஏறுதா இறங்குதான்னுதான் கேக்குறாங்க.' மூணாவது வாரம்: 'சிக்னல் இல்லாம ரெண்டு நாள் கழிச்சு மெசேஜ் வந்துச்சு, புது விலைன்னு எழுதிட்டேன். எந்தத் தேதி விலைன்னு நீங்களே போட்டு அனுப்புங்க.' அலகு, ஒப்பீடு, தேதி. டேஷ்போர்டு டிசைன்னு தடி தடியா இருக்கிற புத்தகங்களோட சாரம் இந்த மூணுதான். மெயில் வாங்குற 34 பேர்ல ஒருத்தர்கூட இப்படி எதுவும் கேட்டதில்லை. காரணம் சிம்பிள். அவங்க அதை வெச்சு எதையும் முடிவு பண்ணலை. இங்கே பண்றாங்க.

இதனால் வத்தல்மலையே மாறிடுச்சுன்னு நான் ரீல் விட மாட்டேன். வாரியம் சொல்ற விலை மலையில் அப்படியே கிடைக்காது. வண்டி வாடகை, ஈரப்பதம், தரம்னு வியாபாரி கழிப்பார். அதில் நியாயமான கழிவும் உண்டு. ஏற்கெனவே கடன் வாங்கினவங்களால பேரமே பேச முடியாது, சுவர்ல என்ன எழுதியிருந்தாலும். ஒண்ணு மட்டும் நடந்திருக்கு. முன்னாடி 'என்ன விலை?'ன்னு கேட்டவங்க, இப்ப 'ஏன் இவ்வளவு கம்மி?'ன்னு கேட்கிறாங்களாம். முதல் கேள்விக்கு எதைச் சொன்னாலும் பதில்தான். ரெண்டாவது கேள்விக்கு வியாபாரி காரணம் சொல்லியாகணும்.

உங்க ப்ராஜெக்ட்டுக்கு...

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிட்டு இருக்கீங்களா? இன்டர்ன்ஷிப்ல யாராவது 'டேஷ்போர்டு பண்ணு'ன்னு சொல்லியிருக்காங்களா? கோடு எழுதுறதுக்கு முன்னாடி, யாருக்கு அனுப்பப் போறீங்களோ அந்த லிஸ்ட்டை வாங்கிப் பாருங்க. ஒவ்வொரு பேருக்கும் எதிரில், 'இதைப் பார்த்துட்டு இவர் என்ன செய்வார்?'னு எழுதுங்க. பதில் வராத பேர்களை அடிங்க. அப்புறம் முக்கியமான வேலை: இந்த நம்பரைக் கொடுத்தது யாரு, இதைத் தெரிஞ்சுக்கிட்டா இன்னைக்கே வேற மாதிரி முடிவெடுக்கப் போறது யாருன்னு தேடி, அவங்களைச் சேருங்க. அவங்களுக்கு மெயில் இல்லேன்னா போன், போன் இல்லேன்னா ஒலிபெருக்கி, அதுவும் இல்லேன்னா சுவரும் சாக்பீஸும்.

மலைக்குத்தான் போகணும்னு இல்லை. உங்க ஊர் தக்காளி மண்டி, மல்லிப்பூ மார்க்கெட், பால் சொசைட்டி, கடைசி பஸ் எப்ப வரும்னு தெரியாம நிக்கிற ஸ்டாப்... எல்லா இடத்துலயும் ஒரு நம்பர் யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு. அது தேவைப்படுற ஆள் வெயில்ல நிக்கிறார். நடுவுல இருக்கிற தூரம் நாம எழுதுற இருபது வரி கோடுதான்.

அந்தப் பெட்டிக்கடைப் பொண்ணு போன வாரம் ஒரு புது மெசேஜ் அனுப்பியிருக்காள்: 'அக்கா, மிளகு விலையும் கேக்குறாங்க. சுவர்ல இடம் இருக்கு.'